சங்குப்பூவுக்குப் பூசிய நீலம்

"இன்னொருக்கா மேல பாருங்கய்யா" என்று சொல்லி அந்த நர்ஸ் பெண் இடது கண்ணின் கீழிமையை இழுத்துப் பிடித்து மருந்தை விட்டாள், சொட்டு சில்லென்று விழுந்து, பிறகு சுரீரென்று எரிந்து, மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசந்தது, கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசக்கிற இந்த அதிசயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் திருமூர்த்திக்கு இருந்தது, ஆனால் இந்த மாதிரி அற்ப விஷயங்களைக் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஒரே ஆளோடு பேச்சு நின்று ரொம்ப நாளாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் மனைவி பாவாத்தாள் இருந்தாள், மடியில் ஒயர்கூடை, கூடைக்குள் பிளாஸ்க்கும் போன தடவை கொடுத்த கறுப்புக் கண்ணாடியும். அவளிடம் சொல்லலாம்தான். ஆனால் அவளிடம் வாயைத் திறந்தால் அந்த இன்னொரு கேள்வியும் கூடவே வெளியே வந்து விழுந்துவிடும் என்ற பயத்தில் மனுஷன் ஒரு மாசமாக 'காபி', 'துண்டு', 'சரி' என்ற மூன்று சொற்களை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். இடது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள், கத்தி தப்பான கண்ணுக்குப் போய்விடக் கூடாதென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. தப்பான கண் எது என்பதுதானே இப்போது கேள்வியே என்று நினைத்துக்கொண்டு வலது கண்ணை மூடினார். "ஐயா, மருந்து விட்ட கண்ண மூடுங்க. நீங்க நல்ல கண்ண மூடிட்டு இருக்கீங்க" என்றாள் நர்ஸ், சிரித்துக்கொண்டே அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

நல்ல கண்ணாம். போன மாசம் புரையை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்த வலது கண்ணுக்கு இந்தக் காத்திருப்பு ஹாலின் சுவர் வெள்ளை, அதிலும் நீலம் போட்டு அலசிய வேட்டியின் வெள்ளை, பார்த்தால் பல் கூசுகிறது. அதே சுவர் இடது கண்ணுக்கு உருகிய நெய். மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்தார், வெள்ளை, நெய், வெள்ளை, நெய், இந்த விளையாட்டை ஒரு மாசமாகக் குழந்தைப் பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறார், குளியலறையில், பஸ் ஸ்டாண்டில், சோற்றுத் தட்டின் முன்னால், ஒரு கண்ணுக்கு ஒரு உலகம், இன்னொரு கண்ணுக்கு வேறு உலகம், எதை நம்புவது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்து இந்த நெய்யை வழித்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரே உலகம்தான். அந்த உலகத்தில் அவர் பீரோவில் இருக்கிற சங்குப்பூப் படம் பார்க்கச் சகிக்காது. இடது கண் இருக்கிறவரைக்கும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கலாம், அதில் ஒரு குறையும் தெரியாது, அழகாகவே இருக்கும், ஒரு மாசமாக அவர் அப்படித்தான் பார்த்தார், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் வலது கண்ணை அழுத்திக்கொண்டு. இன்றோடு அந்த வசதியும் போகிறது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, பச்சைக் கவுனும் பச்சைத் தொப்பியுமாக அவிநாசி ரோட்டில் ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்ததில் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது.

கண்தான் அவருடைய சோறு. மில்லின் சாயப் பட்டறையில் ஷேடு மாஸ்டர் என்றால் சும்மாவா, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய கட்டைவிரல் அகலத் துணியைப் பார்த்து அதே நிறத்தில் வண்டி வண்டியாக நூலை முக்கி எடுக்க வேண்டும், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை, ஜன்னலில் ஒத்துப்போகிற நிறம் டியூப் லைட்டில் காலை வாரும், அதையெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் மாஸ்டர் என்று பேர். மெஷின் வந்த பிறகும், மெஷின் சொன்னதை இவர் 'இல்லை' என்றால் முதலாளி மெஷினை நிறுத்திவிட்டு இவரைக் கேட்பார். அந்தக் கண்ணோடுதான் குன்னூரில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள், மர சாமான் கிடைக்கும் என்று மில் கணக்கர் சொன்னதைக் கேட்டு அவர் கூடப் போனது, ஒரு பழைய டிராயர் பீரோவை வாங்கியது, டிராயரின் அடியில் பூச்சி வராமலிருக்க யாரோ விரித்திருந்த தாள்களை வெளியே எடுத்தது. தாளில் செடிகள். வேர், தண்டு, பூ, பூவின் வயிற்றை அறுத்து ஓரமாகத் தனியே வரைந்தது, விதை, விதைக்குள் விதை. வெள்ளைக்காரன் காலத்தில் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் கையால் வர்ணம் பூசிய படங்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் நிறம். எங்கேயோ சீமையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு, ஒருத்தி பச்சை மட்டும், ஒருத்தி சிவப்பு மட்டும் பூசியிருக்கிறார்கள். மாதிரியைப் பார்த்து அதே நிறத்தைக் கொண்டுவருவது. அடேயப்பா, இது நம்ம வேலையல்லவா என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்புறம் விட்டாரா? பெங்களூர், கொச்சி, பாண்டிச்சேரி என்று எங்கே பழைய சாமான் கடை இருந்தாலும் போய்த் தாள் புரட்டினார், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற இடத்திலும் தாள் புரட்டினார், பாவாத்தாள் கடை வாசலில் நிற்பதற்குப் பழகிக்கொண்டாள். கூட எப்போதும் அந்தக் கணக்கர், குன்னூர்க்காரர், ஜெரோம்.

அந்தப் பேர் மனசில் வந்ததும் திருமூர்த்திக்கு முகம் சுண்டியது, வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது என்று அவர்தான் சட்டம் போட்டிருந்தார், அந்த ஆள் என்றால் அந்த ஆள், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு நிறம் தெரியாது, ஆனால் தாள் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவி, தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பார், தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அந்தக் காலத்துக் கைத்தாள்தான் என்பதற்கு அடையாளமாக உள்ளே ஓடுகிற வலைக்கோடுகளைக் காட்டுவார். "தாள் சரிங்க மாஸ்டர், மத்தது உங்க பாடு" என்பார். நிறம் சரி என்று இவர் சொன்னால்தான் வாங்குவது. அதில் ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள், பிற்பாடு எவனாவது புதுசாக வர்ணம் பூசிய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. வெளுத்தது வெளுத்ததாகவே இருக்கட்டும், பழுப்பு விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும். பெங்களூரில் ஒரு கடைக்காரன் பளபளவென்று ஒரு தாமரையை எடுத்து நீட்டியபோது, "பொணத்துக்குப் பவுடர் போட்டு வெச்சிருக்கான் பாருங்க" என்று கடைக்குள்ளேயே சொல்லிவிட்டார் திருமூர்த்தி, அந்த ஆள்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். பொணத்துக்குப் பவுடர். எப்படி மனசு வந்து அப்படிச் சொன்னோம், சொன்ன வாய்க்கு நல்லா வேணும்.

"ஏனுங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள் பாவாத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இவளுக்கு ரெண்டு கண்ணிலும் புரை எடுத்து ஏழெட்டு வருஷம் இருக்கும், இதே ஆஸ்பத்திரி, இதே மாதிரி நாற்காலி, அப்போது இவர்தான் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் சொன்னது, "சுவரெல்லாம் இத்தன அழுக்கா இருக்குதே, யாரும் சொல்லலையே?" அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர, இவருக்கு உறைக்கவில்லை. அப்படியானால் அன்றிலிருந்து இவள் கண்ணுக்கு எல்லாம் தெளிவு. அப்படியானால் இவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் முள்வேலியில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடுகிறது, முன்னால் இழுத்தாலும் கிழியும், பின்னால் இழுத்தாலும் கிழியும்.

ஆபரேஷனுக்கு முந்திய வருஷங்களில், படங்கள் வெளுக்கின்றன என்றுதான் அவர் முடிவு கட்டினார். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நீலம் குறைந்திருந்தது, நீலம் சாம்பலாகி, பச்சை காய்ந்துபோய், அறையின் வெளிச்சம்தான் தின்கிறது என்று இரட்டைத் திரை போட்டார், பீரோவை இடம் மாற்றினார், டியூப் லைட்டைக் கழற்றினார், ஜன்னலைத் திறந்து வைத்ததற்காகப் பாவாத்தாளை ஒரு நாள் முழுக்கத் திட்டினார், பாச்சை உருண்டையைச் சந்தேகப்பட்டார், மழையைச் சந்தேகப்பட்டார், பக்கத்து வீட்டில் கட்டடம் இடித்த தூசியைக்கூடச் சந்தேகப்பட்டார். ஒன்றே ஒன்றைச் சந்தேகப்படவில்லை. மாஸ்டர் கண்ணைச் சந்தேகப்படுவதா? முதலாளி மெஷினை நிறுத்திய கண்ணல்லவா அது. அப்புறம் ஒருநாள், இப்படியே விட்டால் வெறும் தாள்தான் மிஞ்சும் என்று துக்கப்பட்டு, கண்டவன் பூசினால்தான் குற்றம், நிறம் தெரிந்தவன் பூசினால் அது வைத்தியம் என்று தனக்குத்தானே ஒரு நியாயத்தையும் சொல்லிக்கொண்டு, நல்ல அணில்வால் பிரஷ்ஷாக வாங்கி வந்து சங்குப்பூவில் தொடங்கினார். நீலத்தைக் குழைத்து வைத்தார், போதவில்லை. இன்னும் கொஞ்சம், போதவில்லை. சாம்பல் சாம்பலாகவே இருந்தது. மூன்றாவது பூச்சில் பூ கண் விழித்தது, அன்றைக்கு அவர் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது, தண்டவாளத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்கிய மாதிரி. அப்போது காபியோடு வந்த பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். "போதுமுங்களே, ரொம்ப நீலமாத் தெரியுதே" என்றாள். என்ன சொன்னோம் அவளிடம்? நினைவில்லாத மாதிரி பாவனை செய்தால் நினைவில்லாமல் போய்விடுமா. "காலம் பூரா கலர் பாத்தவனுக்கு நீ பாடம் எடுக்கறயா? போயி அடுப்பப் பாரு." அவள் போய் அடுப்பைப் பார்த்தாள். அதற்கப்புறம் ஊமத்தை, கருங்குவளை, கத்தரிப்பூ என்று ஒவ்வொன்றாக வைத்தியம் நடந்தது, அவள் காபி வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் போவாள். ரசனை கெட்டவள் என்று நினைத்தார்.

ஸ்கூட்டரைக் கொண்டுபோய் டிவைடரில் ஏற்றியிராவிட்டால் அவர் இந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கவே மாட்டார். ஏற்றினார், மிதித்தார், வலது கண்ணில் லென்ஸ் வைத்தார்கள், கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும், புதுக் கண்ணால் முதலில் என்னத்தைப் பார்ப்பது, பீரோவைத்தான் திறந்தார். சங்குப்பூவை எடுத்தார். அது சங்குப்பூவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பேனா மையைக் கொட்டிய இடம் மாதிரி, நடு தாளில் அழுத்தமாக, வெட்கமில்லாமல் ஒரு நீலம். அதைச் சுற்றி, தன் கை படாத இடத்தில், பழைய இலைகள், என்ன ஒரு பச்சை, ஒன்றுமே வெளுக்கவில்லை, ஒரு நாளும் வெளுத்ததில்லை, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்ட மாதிரி அச்சாக நின்றது. எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி மெல்லிசாகப் பூசிவிட்டுப் போன நீலம் இந்த மைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது, தண்ணீர் விட்டால் ரெண்டும் சேர்ந்துதான் வரும். தாளை உள்ளே வைத்தார். மற்றவற்றையும் பார்த்தார். பீரோவைச் சாத்தினார். பாவாத்தாள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள், எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. "துண்டு" என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். முகம் கழுவுகிற சாக்கில் அழுதார், ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து.

மறுபடி சொட்டு. எரிச்சல். கசப்பு. எதிர் வரிசையில் ஒருவர் யாரிடமோ போனில் சத்தமாக, "இல்லீங்க, இன்னும் கூப்பிடல, உக்காந்துட்டுத்தான் இருக்கறோம்" என்று பேசிக்கொண்டிருந்தார். மருந்தில் இடது கண்ணின் பாவை விரிந்துவிட்டது போலும், விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தது, வளையத்துக்குள் கண்வலிப்பூ. வராதே என்றால் அதுதான் வருகிறது. தாராபுரம் பக்கம் விதைக்காக வெள்ளாமையே வைக்கிற பூ, உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று பாவாத்தாளின் ஊரில் சொல்வார்கள், மேலே சிவப்பு, கீழே மஞ்சள், விரல் விரித்த மாதிரி இதழ்கள், இலை ஒவ்வொன்றும் நுனியில் சுருண்டு எதையாவது பற்றிக்கொள்ளத் தேடும். அந்தப் படம்தான் அவருடைய சேகரிப்பின் தலை. பார்க்க வருகிறவர்களுக்குக் கடைசியாகத்தான் எடுத்துக் காட்டுவார், சாப்பாட்டில் பாயசம் மாதிரி. கருங்குவளையெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மேசையில் விரித்தார், இலையின் பச்சை செத்துக்கிடந்தது, நீலமும் மஞ்சளும் குழைத்து இன்றைக்கு இதை எழுப்பிவிட வேண்டும் என்று. அப்போது அந்த ஆள் வந்தார், தோளில் எப்போதும் மாட்டிக்கொண்டு வருகிற அட்டைப் பையோடு. தாளை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "மாஸ்டர், இத இப்படியே விட்டுட்டா என்ன?" என்றார். "வெளுத்துப்போச்சுங்க, உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திருமூர்த்தி கொல்லைப்பக்கம் போய்ப் பிரஷ்ஷைக் கழுவினார், மேசையைத் துடைக்கத் துணி தேடினார். திரும்பி வந்தபோது அந்த ஆள் கிளம்பிவிட்டிருந்தார், வாசல் இறங்கிப் போகிற முதுகும், அதில் தொங்குகிற பையும்தான் தெரிந்தன. பை தடித்திருந்தது. மேசையில் படம் இல்லை.

வேறு யார் எடுத்திருக்க முடியும்? அன்றைக்கு வீட்டுக்குள் வேறு யார் வந்தார்கள்? இந்தக் கேள்வியை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்து ஒவ்வொரு தடவையும் அதே விடை வந்தது. மறுநாள் அந்த ஆள் வீட்டுக்குப் போய், உள்ளே போகாமல், வாசலில் நின்றே கேட்டார். கேட்டாரா, கத்தினார். திருட்டு என்ற வார்த்தையைச் சொன்னார், அந்த ஆளின் மருமகள் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த ஆள், எடுக்கலை என்று சொல்லவில்லை. அதுதான், அதேதான், இத்தனை நாளும் திருமூர்த்தி பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற கயிறு அதுதான், எடுக்காதவன் என்றால் எடுக்கலை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா, கோபம் வராதா, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கமாட்டானா. "வெயில்ல நிக்காதீங்க மாஸ்டர், உள்ள வாங்க" என்றார், அவ்வளவுதான். அது திருடனின் பேச்சு. அல்லது? இந்த 'அல்லது' ஒரு மாசத்துக்கு முன்னால் இல்லை, புது லென்ஸோடு சேர்ந்து வந்தது. நீலத்தைச் சாம்பலாகப் பார்த்த கண்தானே பையைத் தடிப்பாகப் பார்த்தது. பை எப்போதும் அதே தடிமன்தானோ? படம் மேசைக்குக் கீழே விழுந்து, பழைய பேப்பரோடு போய்விட்டதோ? தானே எங்காவது வைத்துவிட்டு மறந்தோமோ? ஆனால் எடுக்கலை என்று சொல்லவில்லையே. சொல்லவில்லையே. நினைப்பு செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றியது, சுற்றச் சுற்ற பயம் கூடியது, அந்த ஆள் திருடன் இல்லை என்றால் அந்த வாசலில் நின்று கத்தியது யார்? அந்த ஆள் திருடனாகவே இருந்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொள்ளத் தோன்றியது, அப்படி வேண்டிக்கொள்கிற தன்னைப் பார்த்து அவருக்கு அருவருப்பாகவும் இருந்தது.

வலது கண்ணை மூடிக்கொண்டு பாவாத்தாளைப் பார்த்தார். நெய் நிறத்தில், கலங்கலாக, கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த போட்டோவில் இருக்கிற மாதிரி இருந்தாள். வலதைத் திறந்தார். காதோரம் வெள்ளை முடி, கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூங்கியிருக்க மாட்டாள். இவள் இப்படித்தான் இருக்கிறாளா? எவ்வளவு நாளாக? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்தது வாயில் வந்து விழுந்தது.

"சங்குப்பூவுல நான் போட்ட நீலம், உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் கூடையின் கைப்பிடியைச் சரிசெய்தாள். "போடறப்பவே தெரியுமுங்க."

"சொல்லலியே?"

"ஒருக்காச் சொன்னேன். அப்பறம் சொல்லல." பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினாள். "கோவமெல்லாம் இல்லீங்க. மொதல்ல கொஞ்சம் இருந்துச்சு. அப்பறம் பயமாப் போச்சு. ஒவ்வொண்ணா எடுத்து மேசைல வெக்கறீங்க, ஒவ்வொண்ணாப் போகுது. கண்ணக் காட்டலாம் வாங்கன்னா வீட்டவிட்டுப் போயிருவேங்கறீங்க. அந்த ஞாயித்துக்கெழம கண்வலிப்பூவ விரிச்சீங்க பாருங்க, என்னால தாங்க முடியல."

திருமூர்த்தி ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். நீங்க பிரஷ் கழுவப் போனீங்க. ஜெரோம் அண்ணன் பையில நானே வெச்சேன். கண்ணு சரியாகற வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டுமுங்கண்ணா, கேட்டா நான் சொல்லிக்கறேன்னேன். அடுத்த நாளே நீங்க அங்க போயி அப்படிப் பேசுவீங்கன்னு நான் கனாவுலயும் நெனைக்கல."

"அவன் ஏன் சொல்லல?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நானும் அதத்தான் கேட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே போயி அழுதேன், போயிச் சொல்லிர்றேன்னு. அவருதான் வேண்டாம்னாரு. 'மாஸ்டருகிட்டப் போயி உங்களுக்குக் கலர் தெரியலைன்னு சொல்லச் சொல்றியாம்மா? அது என்னால ஆகாது. அதுக்கு நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்'னாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு கண்ணு வந்ததுமே சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நீங்க பீரோவத் தொறந்து பாத்துட்டு, ஒரு வார்த்த பேசாம மூடுனீங்க. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

கோபம்தான் முதலில் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும், ரெண்டு பேரும் கூடிப் பேசிக்கொண்டு என்னைப் பைத்தியக்காரனாக்கி ஊர் சிரிக்க வைத்தீர்களே என்று ரத்தம் தலைக்கு ஏறியது, கையை நாற்காலியில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்து எங்கே போவது. ஊர் எங்கே சிரித்தது? சிரித்ததென்றால் அந்த ஆளைப் பார்த்தல்லவா சிரித்திருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது அந்த ஆளுக்காக. மருமகள் ஈரக்கையோடு நின்றது அந்த ஆளைப் பார்த்து. அன்றைக்கு அந்த மருமகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார், சாயங்காலம் பேரன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார், மாதா கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பார்களா, படத்தை எங்கே வைத்திருப்பார், அலமாரியிலா, மெத்தைக்கு அடியிலா, உண்மையிலேயே திருடியவன் ஒளித்து வைக்கிற மாதிரிதானே வைத்திருக்க வேண்டும். எடுக்கலை என்று ஏன் சொல்லவில்லை என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று. படம் அவரிடம்தான் இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வார், மில் கணக்கில் ஒரு பைசா இடித்தால் தூங்காத மனுஷன், பொய் சொல்ல வராது, உண்மையைச் சொன்னால் இவர் தாங்கமாட்டார், ரெண்டுக்கும் நடுவில் என்னத்தைச் சொல்வது, வெயில்ல நிக்காதீங்க மாஸ்டர், உள்ள வாங்க. உள்ளே போயிருக்கலாம். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்திருக்கலாம். கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் எப்படியாவது, சுற்றி வளைத்து, தாளைப் பற்றிப் பேசுகிற மாதிரி கண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பார். வெயிலிலேயே நின்று கத்திவிட்டுத் திரும்பி வந்தாயிற்று. இந்த மனுஷனின் முகத்தில் இனி எப்படி முழிப்பது, அதுவும் ரெண்டு தெளிவான கண்ணை வைத்துக்கொண்டு. திருமூர்த்திக்கு அழுகை வந்தது, மருந்து விட்ட கண்ணும் விடாத கண்ணும் ஒரே மாதிரி ஒழுகின.

"அழுகாதீங்க, மருந்தெல்லாம் போயிரும்" என்றாள் பாவாத்தாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவளாக, "போன தடவையும் வந்திருந்தாரு. கீழ கேன்டீன்ல உக்காந்திருந்துட்டு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு நான் போயிச் சொன்னதுக்கப்பறம்தான் கெளம்பினாரு" என்றாள்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் வந்திருக்காரு."

கேன்டீனில் அந்த நேரத்துக்கு என்ன இருக்கும், ஆறிப்போன போண்டா, பேப்பர் கப்பில் காபி, ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருப்பார், மேசையில் விரித்திருக்கிற செய்தித்தாளைக்கூட விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு. தோளில் அந்தப் பை. பைக்குள் படம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதை விரட்டினார், படம் கிடக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும். "திருமூர்த்தி! யாருங்க திருமூர்த்தி?" என்று நர்ஸ் பெண் கையில் அட்டையோடு வந்து நின்றாள், நெற்றிப் பிளாஸ்திரியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், "ஐயோ, ஏன்யா இப்படி அழுதுட்டு இருக்கீங்க, ஒண்ணும் வலிக்காது, போன தடவ பண்ணுனதுதானே" என்று இன்னொரு சொட்டு விட்டுத் துடைத்தாள். பேனாவை எடுத்து, "கூட வந்தவங்க இவங்க ஒருத்தர்தானா?" என்றாள்.

"ரெண்டு பேரு" என்றார் திருமூர்த்தி. "இன்னொருத்தரு கீழ கேன்டீன்ல இருக்காரு. அவர மேல வரச் சொல்லணும். நான் வெளிய வர்றப்ப அவரு இங்க இருக்கணும்."

பாவாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள்.

"சரிங்கய்யா, சொல்லியனுப்பறேன். அவரு பேரு என்னங்கய்யா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மருந்தின் கசப்பு இன்னும் அங்கேயே இருந்தது.

"ஜெரோம்" என்றார். "மாஸ்டர் கூப்பிடறாருன்னு சொல்லச் சொல்லும்மா."

நர்ஸ் பேரை எழுதிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.